இரும்புக்கும் வேண்டும் காப்பு!

மழைக்காலம் தொடங்குகிறது. வீட்டுக்காரர் தன் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்துகிறார். பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை அதன்மீது போர்த்துகிறார். சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார். "இனிமேல் கவலை இல்லை" என்று உள்ளே போய்விடுகிறார்.

மழைக்காலம் முடிகிறது. கட்டை அவிழ்த்துப் பார்க்கிறார். சங்கிலி முழுவதும் செம்மண் பூசியதுபோல் துரு! கைப்பிடியிலும் துரு!

அடுத்த வீட்டுக்காரர் தன் சைக்கிளை மூடவே இல்லை. ஈரத்தைத் துணியால் துடைத்தார். சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். காற்றாட நிறுத்திவைத்தார். அந்தச் சைக்கிள் பளபள என்று இருக்கிறது!

மூடிய சைக்கிள் கெட்டது. மூடாத சைக்கிள் பிழைத்தது. இது என்ன வேடிக்கை?

இந்தக் கேள்விக்கு விடை சைக்கிளோடு நின்றுவிடுவதில்லை. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான எந்திரங்களும், பல ஆயிரம் தொழிலாளர்களின் உழைப்பும், நாட்டின் மின்சாரமும் இந்த விடையில் அடங்கி இருக்கின்றன. திருச்சி வட்டாரத்துக்கு இது சொந்த விஷயம்!

துரு என்பது என்ன?

இரும்பு மண்ணில் இருந்து எடுக்கப்படுகிறது. பூமிக்குள் இருக்கும்போது அது தனி இரும்பாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு கலந்த செந்நிறத் தாதுவாக இருக்கிறது. அதை உலையில் இட்டு உருக்கி, ஆக்சிஜனைப் பிரித்து, இரும்பை எடுக்கிறார்கள்.

பிரிந்து வந்த இரும்பு பழைய நிலைக்குத் திரும்பவே விரும்புகிறது. அதற்கு இரண்டே துணைகள் போதும். ஒன்று, காற்றில் உள்ள ஆக்சிஜன். மற்றொன்று, ஈரம். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் இரும்பு துருவாக மாறத் தொடங்குகிறது. உப்பும் சேர்ந்துவிட்டால் வேகம் பல மடங்கு!

மழையில் நனைந்தால்தான் துருப்பிடிக்கும் என்று எண்ணுவது தவறு. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவிகிதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் படிகிறது. துரு வேலையைத் தொடங்க அது போதும்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. மார்கழி விடியற்காலையில் சொர்க்கவாசல் தரிசனத்துக்கு வரிசையில் நிற்பவர்களின் தலைத்துணி பனியில் நனைந்துவிடும். அந்தப் பனி மனிதர் தலையில் மட்டுமா இறங்குகிறது? பட்டறை வாசலில் கிடக்கும் இரும்பின்மீதும் இறங்குகிறது!

ஸ்ரீரங்கம் அறிந்த பாடம்

ஒரு பொருளைக் கெடாமல் காப்பது எப்படி என்பது ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல.

அரங்கநாதர் கோவிலில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் மூலவருக்குப் பெரிய பெருமாள் என்று பெயர். அந்தத் திருமேனி கல்லால் ஆனதல்ல. சுதையால் ஆனது. ஆகவே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. நீர் பட்டால் சுதை கெடும் அல்லவா?

அதற்குப் பதிலாகத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி இது நடைபெறுகிறது. வாசனைப் பொருள்கள் சேர்ந்த தைலம் திருமேனியில் பூசப்படுகிறது. அந்த ஜேஷ்டாபிஷேகத்தின்போதுதான் உற்சவரான நம்பெருமாளின் தங்கக் கவசங்களும் தூய்மை செய்யப்படுகின்றன.

"காப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். பூசுவதும் காப்பு. காப்பாற்றுவதும் காப்பு. நீர் சேராமல் பார்த்துக்கொள். மேலே ஒரு பூச்சுக் கொடு. காலம் தவறாமல் கவனி. பக்தியில் பிறந்த இந்த ஒழுங்கைத்தான் தொழிற்சாலையும் வேறு வழியில் கைக்கொள்கிறது.

கொதிகலன் பிறக்கும் ஊர்

திருச்சியில் இருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூர் இருக்கிறது. அங்கேதான் "பெல்" என்று எல்லோரும் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இருக்கிறது. செக்கோசுலோவாகியா நாட்டின் உதவியோடு 1965-ம் ஆண்டில் அது தொடங்கியது.

கொதிகலன் என்றால் அண்டா போல ஒரு பாத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. 500 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையத்துக்கான கொதிகலன் பல மாடிக் கட்டிடத்தைவிட உயரமானது. அதற்குள் ஓடும் குழாய்களை நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் போகும்! அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் நீராவியாகிறது. நீராவி 540 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறுகிறது. அந்த நீராவி போய் டர்பைனைச் சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கிறது.

இவ்வளவு பெரிய பொருளை முழுதாகக் கட்டி லாரியில் ஏற்ற முடியாது. குழாய்கள், சுருள்கள், வால்வுகள் என்று பகுதி பகுதியாகச் செய்கிறார்கள். அவை சாலை வழியாகவும் ரெயில் வழியாகவும் நாடெங்கும் போகின்றன. மலேசியா, லிபியா போன்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறி இருக்கின்றன.

போன இடத்தில் உடனே பொருத்திவிடுகிறார்களா? இல்லை. அஸ்திவாரம் முடிய வேண்டும். தூண்கள் எழ வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் திறந்த வெளியில் கிடக்க நேரும். தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊராக இருந்தால் உப்புக் காற்று வேறு!

செய்து முடித்த நாளுக்கும் பொருத்தும் நாளுக்கும் நடுவில் உள்ள அந்தக் காலம்தான் ஆபத்தான காலம்.

ஒரு சிறு மூடியின் பெருமை

கொதிகலன் குழாயை வற்றலும் வெயிலும் அவ்வளவாகக் கெடுப்பதில்லை. உள்ளே தங்கிய ஈரம்தான் கெடுக்கிறது.

குழாயின் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது வழக்கம். சோதனை முடிந்ததும் தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும். பிறகு காற்றை ஊதி உலர்த்த வேண்டும். அதன் பின்னர் இரண்டு வாய்களிலும் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும்.

மூடி சில ரூபாய்தான் பெறும். அது செய்யும் வேலையோ பெரிது! மழைநீர் உள்ளே போகாது. மணல் போகாது. எலி போகாது. குளவி உள்ளே போய் மண்கூடு கட்டாது.

மூடி போட மறந்தால் என்ன ஆகும்? குழாயின் உட்புறத்தில் அங்கங்கே குழி குழியாகத் துரு அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கொதிகலன் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அந்தக் குழி விழுந்த இடம் வெடிக்கும்! மண்ணோ கூடோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டம் குறையும். குழாய் அளவுக்கு மீறிச் சூடேறும். அப்போதும் வெடிக்கும்.

ஒரு குழாய் வெடித்தால் அதைச் சரி செய்யக் கொதிகலனையே நிறுத்த வேண்டும். 500 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுவதும் நின்றால், நாட்டுக்குக் கிடைக்காமல் போகும் மின்சாரம் 1 கோடியே 20 லட்சம் யூனிட்!

கைவேர்வையும் பகைதான்!

குழாயின் கதை இது. கடைசல் பிடித்துப் பளபளப்பாக்கிய பாகங்களின் கதை இன்னும் நுட்பமானது. வால்வின் உட்புறம், பல்சக்கரம், பேரிங் ஆகியவற்றில் மயிரிழை அளவு துரு ஏறினாலும் பொருத்தம் கெட்டுவிடும்.

இவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. ஏன்? மனிதனின் வேர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட விரலின் ரேகை அப்படியே எந்திரப் பாகத்தில் படிகிறது. சில நாளில் அந்த ரேகை துருவால் வரைந்த ஓவியமாகத் தெரியும்! யார் தொட்டார் என்பதற்குச் சாட்சி வேறு வேண்டாம்.

ஆகவே கையுறை அணிந்து எடுக்க வேண்டும். துடைத்து, துருத் தடுப்பு எண்ணெய் பூசி, அதன் பிறகே பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும்.

மூடிய சைக்கிள் ஏன் கெட்டது?

இப்போது சைக்கிள் புதிருக்கு விடை சொல்லிவிடலாம்.

அந்த வீட்டுக்காரர் சைக்கிளை உலர்த்தாமல் மூடினார். தாளுக்குள் ஈரமும் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது. பகலில் வெயில் ஏறியதும் அந்த ஈரம் ஆவியானது. இரவில் குளிர்ந்ததும் மறுபடியும் நீர்த்துளியாகி இரும்பின்மேல் சொட்டியது. குளிர்ந்த நீர் உள்ள தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோலத்தான் இதுவும். தாள் இறுகக் கட்டி இருந்ததால் ஈரம் வெளியேற வழி இல்லை. சைக்கிள் தினந்தோறும் குளித்தது!

தொழிற்சாலையிலும் இதே தவறு நேருகிறது. மழை பெய்த மறுநாள் ஈரத்தோடு கிடக்கும் பாகத்தின்மீது அவசர அவசரமாகப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு, "பாதுகாப்பு முடிந்தது" என்று எழுதி வைத்தால், துருவுக்குக் கூடு கட்டிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

இன்னொரு செய்தியும் உண்டு. பாலிதீன் தாள் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் நீராவியை முற்றிலும் தடுக்காது. கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக அது உள்ளே நுழைந்துவிடும். வெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் தாள் முறுகிக் கிழியும். அதனால்தான் வெளியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிறார்கள். கரித்தூள் வெயிலின் கொடுமையைத் தாங்கிக்கொள்கிறது.

தற்செயலாகப் பிறந்த பாலிதீன்

இந்தப் பாலிதீன் பிறந்த கதையும் சுவையானது.

1933-ம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தில் உள்ள ஐ.சி.ஐ. கம்பெனியின் சோதனைச்சாலையில் கிப்சன், பாசெட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எதிலீன் வாயுவை வைத்து வேறு ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். கடுமையான அழுத்தத்தில் வைத்த பாத்திரத்தைத் திறந்தபோது உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டி இருந்தது. தேடாமல் கிடைத்த அந்தப் பொருள்தான் பாலிதீன்!

இரண்டாவது உலகப் போரில் எந்திரங்களைக் கடல் கடந்து அனுப்ப வேண்டி வந்தது. அமெரிக்கர்கள் விமான என்ஜின்களைப் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய உறைகளில் இட்டு, ஈரம் உறிஞ்சும் மருந்தை உள்ளே வைத்து, ஒட்டி அனுப்பினார்கள். போர் முடிந்ததும் வேலையற்று நின்ற போர்க்கப்பல்களின் பீரங்கிகளுக்குப் பட்டுப்பூச்சிக் கூடு போன்ற பிளாஸ்டிக் கூடுகளைப் பூட்டினார்கள். அந்தக் கூடுகளுக்குள் காற்றை உலர்வாக வைத்தார்கள்.

உறை பாதி. உலர்வு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு. போர் கற்றுக்கொடுத்த பாடம் இது.

உறைக்குள் இரண்டு காவலர்கள்

புது செருப்புப் பெட்டியிலோ மருந்துப் புட்டியிலோ சிறு பொட்டலம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மணி மணியாக இருப்பது சிலிக்கா ஜெல். அது ஈரத்தை உறிஞ்சும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீரைக் குடித்துவிடும். சூடேற்றி உலர்த்தினால் மறுபடியும் பயன்படும். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்திரப் பெட்டிக்குள்ளும் இதையே பெரிய பைகளில் வைக்கிறார்கள். இது முதல் காவலர்.

இரண்டாவது காவலர் இன்னும் விந்தையானவர். கற்பூரம் தானாகக் கரைந்து காற்றில் கலக்கிறது அல்லவா? அதுபோல மெல்ல ஆவியாகும் சில ரசாயனங்களைக் காகிதத்திலோ பிளாஸ்டிக் தாளிலோ சேர்த்துவிடுகிறார்கள். அந்தத் தாளால் எந்திரப் பாகத்தைச் சுற்றி மூடினால், ரசாயன ஆவி உள்ளே பரவுகிறது. கை எட்டாத இடுக்குகளிலும் போய் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. துரு அண்டுவதில்லை. உறையைப் பிரித்ததும் ஆவி பறந்துவிடுகிறது. எண்ணெயைப்போல் துடைத்துக் கழுவ வேண்டிய வேலையும் இல்லை!

ஆனால் ஒரு நிபந்தனை. உறையில் ஓட்டை இருந்தால் ஆவி வெளியேறிவிடும். காவலர் ஓடிப்போன வீட்டில் திருடன் புகுவான்!

ஆமணக்கெண்ணெய்ச் சட்டை

கழற்றி எறியும் உறை மட்டும் அல்ல. கழற்றாத பிளாஸ்டிக் சட்டையும் உண்டு.

இரும்பை நன்றாகச் சூடாக்குகிறார்கள். பிறகு பிளாஸ்டிக் தூள் நிறைந்த தொட்டியில் அமிழ்த்துகிறார்கள். தூள் சூட்டில் உருகி இரும்போடு ஒட்டி வழவழப்பான சட்டையாகிவிடுகிறது. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள். மண்ணுக்கடியில் போகும் இரும்புக் குழாய்களுக்கும் இதுபோன்ற சட்டைகள் போடப்படுகின்றன.

இப்படிப் பூசப்படும் தூள்களில் நைலான்-11 ஒன்று. அது எதில் இருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கெண்ணெயில் இருந்து! பாட்டி பேரனுக்கு வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடும் இந்தியாவே!

காரைக்குடியின் தொண்டு

துருவைப் பற்றி ஆராய வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சிக்குத் தெற்கே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ம் ஆண்டு அஸ்திவாரம் போட்டு, 1953-ம் ஆண்டு ஜனவரியில் திறந்துவைத்தார்கள். உலோகம் அரிக்கப்படுவதைத் தடுப்பது அந்த நிலையத்தின் முக்கியப் பணிகளில் ஒன்று. கடல் உப்புக் காற்று வீசும் மண்டபத்தில் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதித்து வந்திருக்கிறார்கள்.

2016-ம் ஆண்டு வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, அரிமானத்தால் உலகம் ஆண்டுக்கு இழப்பது 2 லட்சத்து 50 ஆயிரம் கோடி டாலர் என்று கணக்கிட்டது. உலகம் 100 ரூபாய் சம்பாதித்தால் அதில் 3 ரூபாய் 40 காசை இந்த அரிமானம் தின்றுவிடுகிறது! தெரிந்த வழிகளை ஒழுங்காகக் கையாண்டாலே இந்த நஷ்டத்தில் 15 முதல் 35 சதவிகிதம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அந்த ஆய்வு கூறியது.

புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவை இல்லை. தெரிந்ததைச் செய்தால் போதும்!

காப்பாற்றிய பிளாஸ்டிக் என்ன ஆகிறது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

எந்திரம் போய்ச் சேர்ந்ததும் மூடிகளும் தாள்களும் கழற்றி வீசப்படுகின்றன. அவை மக்கிப் போவதில்லை. வாய்க்காலை அடைக்கின்றன. மாடு தின்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை செய்யப்பட்டன. கடைப் பையைத் தடுத்த ஊரில் தொழிற்சாலைத் தாள் மட்டும் குவியலாமா?

சிலர் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். அது கொடிய தவறு. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் எரியும்போது அமிலப் புகை கிளம்புகிறது. மனிதரின் மூச்சைக் கெடுக்கும் அந்தப் புகை, பக்கத்தில் உள்ள இரும்பையும் அரிக்கிறது! துருவைத் தடுக்க வந்த பொருளைக் கொளுத்தித் துருவையே வளர்ப்பதா?

செய்ய வேண்டியது என்ன?

பெரிய ஆலைகளில் இதற்கெல்லாம் விதிமுறைகள் உண்டு. மேற்பார்வை செய்ய ஆட்கள் உண்டு. கவலை சிறு பட்டறைகளைப் பற்றியது. துவாக்குடியைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள் இருக்கின்றன. பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அவை.

அப்படி ஒரு பட்டறையில் இராப்பகலாக உழைத்துப் பாகங்களைச் செய்கிறார்கள். அளவு சரி. பற்றவைப்பு சரி. ஆனால் கொண்டுபோய் இறக்கும்போது துரு! "திருப்பி எடுத்துப் போ" என்கிறார்கள். கூலி, மின்சாரம், லாரி வாடகை எல்லாம் நஷ்டம். வட்டி மட்டும் நிற்பதில்லை. சம்பள நாளில் தொழிலாளியின் வீட்டு அடுப்பு வரை அந்தத் துரு போய்விடுகிறது!

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

முதலாவது, தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசலும் பற்றவைப்பும் கற்றுக்கொடுப்பதுபோல், பாகத்தைத் துடைத்து, உலர்த்தி, உறையிடும் முறையையும் பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொட்டலம் கட்டுவது எடுபிடி வேலை என்ற எண்ணம் போக வேண்டும். அதுவும் ஒரு தொழில் நுட்பமே.

இரண்டாவது, வேலை கொடுக்கும் ஆலைகள், உறைக்கும் மூடிக்கும் ஆகும் செலவைக் கூலியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைச் சிறு பட்டறைக்காரர் தலையில் கட்டினால், அவர் முதலில் குறைப்பது அதைத்தான்!

மூன்றாவது, கழற்றிய மூடிகள் குப்பைக்குப் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். கெடாத மூடியை மறுபடியும் போடலாம். கெட்டதை உருக்கி வேறு பொருள் செய்யலாம். பால் புட்டியைத் திருப்பிக் கொடுத்த காலம் ஒன்று இருந்ததே! அந்த வழக்கம் தொழிற்சாலைக்கும் பொருந்தும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும். தையல் எந்திரத்தையோ சைக்கிளையோ மூடி வைக்கும் முன் ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய் பூசுங்கள். பிறகு மூடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் திறந்து பாருங்கள். எண்ணெய் காய்ந்து போயிருந்தால் மறுபடியும் பூசுங்கள்.

துரு சத்தம் போடாது. இரவு பகல் பாராது. விடுமுறை எடுக்காது. அதை வெல்லப் பெரிய படை தேவை இல்லை. உலர்ந்த துணி, சிறிது எண்ணெய், ஓட்டையில்லாத உறை, மறதி இல்லாத மனிதன் — இந்த நான்கும் போதும்.

ஆனி வந்தால் பெருமாளுக்குத் தைலக்காப்பு தவறுவதில்லை. தொழிலாளி வேர்வை சிந்திச் செய்த இரும்புக்கும் காப்பு தவறக் கூடாது!